அந்த மைக்கில் நான் சொன்னது தப்பா?

குழந்தைகள் தின விழாவில் நான் பேசிய வீடியோவைப் பார்த்துவிட்டு இன்பாக்ஸில் அறிவுரை சொன்ன அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே பதில்.

பத்து வயதுப் பெண் ஒருத்தி "அக்கா, உங்களுக்கு அழுகை வருமா?" என்று கேட்டாள். "வரும், சில நாள் வெறுத்தே போகும்" என்றேன். அவ்வளவுதான். உடனே தொகுப்பாளர் மைக்கை வாங்கி, "ஆனா அக்கா எப்பவும் சிரிச்ச முகம், சர்க்கரையே அவங்களுக்கு வரம்!" என்றார். கைதட்டல் வேறு.

வரமாம். எட்டு வயதில் வந்த டைப் 1 சர்க்கரை நோய். இப்போது எனக்கு 33. நாளுக்கு நாலு ஊசி என்றால் இதுவரை 36,500. விரலில் குத்திப் பார்ப்பது தனிக் கணக்கு. ஊசி போட்டுப் போட்டு வயிற்றில் அங்கங்கே கட்டி. இந்த வரம் வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம், இன்சுலின் வைக்கிற ஃப்ரிட்ஜையும் சேர்த்தே தருகிறேன்.

"நன்றியே இல்லையாம்மா?" என்று ஒரு அண்ணன். இருக்கிறது அண்ணா, நிறையவே. 1922 ஜனவரியில்தான் டொராண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முந்தைய காலத்தில் எனக்கு இது வந்திருந்தால் பத்து வயதைப் பார்த்திருப்பேனா என்பதே சந்தேகம். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான பாண்டிங்கின் பிறந்த நாளும் நவம்பர் 14தான், மேடையில் யாரும் அதைச் சொல்லவில்லை. நன்றி சொல்கிறேன், தினமும் சொல்கிறேன். வலிக்கவில்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன். இரண்டும் வேறு வேறு.

"குழந்தைகள் முன்னால் இப்படிப் பேசலாமா?" இது நியாயமான கேள்விதான். நானும் இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் அந்தப் பெண் பிறகு சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நானும் பாத்ரூம்ல போய் அழுவேங்க்கா" என்றாள். சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கிச் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். பயந்த பிள்ளை மாதிரியா இருக்கிறது?

"கேன்சர் பேஷன்ட்டே சிரிக்கிறாங்க" என்ற அன்பருக்குப் பதில் கிடையாது.

சிரித்த முகம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எனக்கு வந்தபோது சொந்தக்காரர்கள் அம்மாவைத்தான் சொன்னார்கள், "மிட்டாய் வாங்கிக் கொடுத்தே கெடுத்துட்டா." மிட்டாய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களை அழித்துவிடுகிறது. அம்மா யாரிடமும் வாதாடவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து என் பிடரியைத் தொட்டுப் பார்ப்பார். வேர்த்திருந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று, எழுப்பி உட்காரவைத்து குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைப்பார். விடிந்ததும் அதே தூங்காத கண்ணோடு "பாப்பா நல்லா இருக்கா" என்று எல்லோரிடமும் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு ஒருத்தர்கூட, ஒரே ஒரு ராத்திரிகூட, "நீ தூங்கு, நான் பார்த்துக்கறேன்" என்று வரவில்லை. அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வீடியோவை அம்மாவும் பார்த்தார். கைதட்டல் வந்ததும் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "அழுவேன்னு என்கிட்ட சொன்னதே இல்லையேடி" என்றார்.