துக்க வீட்டில் தர்க்கம் எதற்கு?

"கேள்வி கேட்பதே அவிசுவாசம்" என்று இளைஞர்களின் வாயை அடைக்கும் போதகர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. நான்கு சுவிசேஷங்களும் ஏன் ஒன்றுபோல் இல்லை என்று கல்லூரியில் படிக்கிற பிள்ளை கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும். விசாரித்துக் கேட்கிற எவருக்கும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பைபிளில் பேதுருவின் முதல் நிருபமே சொல்கிறது. சாந்தத்தோடு சொல்லுங்கள் என்றும் அதே வசனத்தில் இருக்கிறது; யூடியூப் விவாத வீரர்களின் கண்ணில் மட்டும் அது படுவதில்லை.

கிரேக்கரின் அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்தில் அப்போஸ்தலன் பவுல், அந்த ஊர்ப் பலிபீடத்தில் எழுதியிருந்ததை வைத்தே பேச்சைத் தொடங்கினார். அவர்களுடைய கவிஞரின் வரியையே எடுத்துக்காட்டினார். இயேசுவின் உயிர்த்தெழுதல் என்றதும் சிலர் பரிகாசம் செய்தார்கள். சிலர், பிறகு கேட்கிறோம் என்று நழுவினார்கள். தியொனீசியு, தாமரி என்று சிலர் மட்டும் விசுவாசித்தார்கள். பவுலின் வாதத்துக்கே அவ்வளவுதான் பலன்! அவர் யாரையும் மல்லுக்கு இழுக்காமல் கொரிந்துவுக்குப் புறப்பட்டுவிட்டார்.

வாதத்தின் எல்லையை எனக்குக் காட்டியவர் ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ். நாத்திகராக இருந்து கிறிஸ்தவ விசுவாசத்துக்குத் திரும்பியவர். கடவுள் நல்லவரென்றால் துன்பம் ஏன் என்று 1940இல் ஒரு நூல் எழுதினார். துன்பம் எழுப்பும் அறிவுச் சிக்கலைத் தீர்ப்பது மட்டுமே நோக்கம், பொறுமையைக் கற்பிக்கத் தமக்குத் தகுதியில்லை என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். 1960இல் மனைவி ஜாய் புற்றுநோயால் இறந்தார். மறு ஆண்டு புனைபெயரில் வெளியிட்ட துயரக் குறிப்புகளில், கடவுளைத் தேடிப் போனால் முகத்தில் அறைந்தாற்போல் கதவு சாத்தப்படுகிறது, உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்கிறது என்று புலம்புகிறார். மதத்தின் உண்மையைப் பேசினால் கேட்பாராம். அது தரும் ஆறுதலைப் பற்றிப் பேச மட்டும் யாரும் வரக்கூடாதாம். விசுவாசத்தை அவர் விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அண்மையில் ஒரு துக்க வீட்டில், மகளைப் பறிகொடுத்த தாயிடம் ஒருவர் துன்பத்துக்குக் காரணம் மனிதனின் சுயசித்தம், அதாவது தானே தேர்ந்தெடுக்கும் சுதந்திரம், என்று விளக்கிக்கொண்டிருந்தார். சொன்னதில் தர்க்கப் பிழை ஏதும் இல்லை. அந்த அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பைபிளில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்த சிநேகிதர்கள்கூட முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதானே வம்பு!

அந்த வீட்டுப் பையன் என்றைக்காவது தானாகவே வந்து, "ஏன் அண்ணா இப்படி?" என்று கேட்டால் மணிக்கணக்கில் பேசத் தயார். லூயிஸின் 1940ஆம் ஆண்டு நூலையும் கொடுப்பேன், முன்னுரையை விட்டுவிடாமல் படிக்கச் சொல்லி.