ஹாரன் ஒயரில் கம்ப்ரசரை மாட்டாதீர்கள்

வண்டியில் மாட்டும் ட்ரெயின் ஹாரன் அழுத்திய காற்றில் அலறுவது. "காற்று டேங்க் தேவையில்லை, காற்றை அழுத்தும் கம்ப்ரசரைப் பழைய ஹாரன் ஒயரில் சேர்த்தாலே ட்ரெயின் ஹாரன் அலறும்" என்பது தவறு, ஆபத்தும்கூட. அந்த ஒயருக்குப் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ்தான். டேங்க் நிரப்பும் கம்ப்ரசர் பலவும் 20-ஐத் தாண்டி இழுக்கும். ஃபியூஸ் போகிறதே என்று பெரியதைப் போட்டால் ஒயர் உருகித் தீப்பிடிக்கலாம்.

பேட்டரியிலிருந்து தடித்த தனி ஒயர் இழுங்கள், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் வையுங்கள். 40 ஆம்பியர் ரிலேயில் (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் ஸ்விட்ச்) 30 என்ற எண்ணுள்ள முனைக்குப் பேட்டரி, 87-க்குக் கம்ப்ரசர், 85-க்கு எர்த். 86-க்கு இக்னிஷன் லைன் (சாவி போட்டால் கரண்ட் வரும் ஒயர்), டேங்க் நிறைந்ததும் கம்ப்ரசரை நிறுத்தும் பிரஷர் ஸ்விட்ச் வழியாக. பழைய ஹாரன் ஒயர், டேங்கிலிருந்து ஹாரன் குழல்களுக்குக் காற்றை விடும் சொலினாய்டு வால்வைத் (கரண்டில் திறக்கும் வால்வு) திறக்க மட்டுமே.

குழல்கள் ஒரே நொடியில் குடிக்கும் காற்றைச் சின்னக் கம்ப்ரசர் உடனுக்குடன் தராது, முனகல்தான் வரும். அதற்குத்தான் டேங்க்; அதில் சேஃப்டி வால்வு கட்டாயம். கால் அங்குல ஹோஸிலும் சத்தம் அமுங்கும், அரை அங்குலம் போடுங்கள்.