கூடங்குளம்: கரண்டு வேண்டும், கழிவு எங்கே போகும்?

கூடங்குளம் அணுமின் நிலையம் என்று பேச்செடுத்தாலே இரண்டு தரப்பும் வரிந்துகட்டிக்கொண்டு வந்துவிடுகின்றன. நான் திருநெல்வேலிக்காரன். அந்த உலைகள் ஓட வேண்டும் என்பதுதான் என் கட்சி. 2012இல் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்குக் கரண்டு கட் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மாவு மில்லும் லேத் பட்டறையும் பாதி நாள் சும்மா கிடந்தன. காற்றாலைதான் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆனி, ஆடியில் சுற்றுகிற சுற்று ஐப்பசியில் இருக்காது. ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டு, எரிபொருள் மாற்ற நிறுத்தும் நாட்கள் போக, ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுவது சின்ன விஷயமில்லை. புகை கிடையாது, மலைமலையாகச் சாம்பலும் கிடையாது.

சரி, எரிந்து முடிந்த எரிபொருள்?

1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டபோது அதை சோவியத்தே திரும்ப எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. சோவியத் உடைந்தது. 1998இல் போட்ட துணை ஒப்பந்தத்தில் அது இங்கேயே இருக்கட்டும் என்றாகிவிட்டது. திட்டத்தின் ஆகப் பெரிய சுமை கை மாறியிருக்கிறது, கூடங்குளத்திலும் இடிந்தகரையிலும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது கழிவே இல்லை, மறுசுழற்சி செய்தால் திரும்ப எரிபொருளாகும் புளூட்டோனியம் கிடைக்கும் என்கிறது அணுசக்தித் துறை. இருக்கலாம். அந்தப் புளூட்டோனியம் பாதியாகக் குறையவே 24,000 வருடம் ஆகும். மறுசுழற்சி செய்த பிறகு மிஞ்சுவதையும் எங்கேயாவது புதைத்தாக வேண்டும். நாட்டில் அதற்கான நிரந்தர ஆழ்நிலக் கிடங்கு ஒன்றுகூட இல்லை.

இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்னால் உலை எதிர்ப்புப் போராட்டப் பந்தலில் பீடி சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்த பெண்கள் கேட்டதில் இதுவும் ஒன்று. கிடைத்த பதில் தேசத்துரோக வழக்கும், வெளிநாட்டுப் பணம் என்ற பழியும். 2013 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் உலையை அனுமதித்தது, ஆனால் கழிவைப் பற்றி அதுவும் கேட்டது. அப்புறம் உலை வளாகத்திலேயே தற்காலிகக் கிடங்கு என்றார்கள். அதற்காக 2019இல் ராதாபுரத்தில் நடக்க இருந்த கருத்துக்கேட்பு, எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிப்போனது. நம் ஊரில் தற்காலிகம் என்றால் எத்தனை வருடம் என்று எல்லாருக்கும் தெரியும்!

அங்கே இன்னும் நான்கு உலைகள் எழும்புகின்றன. கட்டட்டும். அவற்றில் எரிபொருள் நிரப்புவதற்கு முன்னால், நிரந்தரக் கிடங்கு எந்த இடத்தில், எந்த வருடத்துக்குள் என்பதை எழுத்தில், தமிழில், அந்தக் கிராமசபைகளில் வைக்க வேண்டும்.