‘லாக்கப்’பில் பிழைத்தவன் ‘விசாரணை’யில் எங்கே இறங்கினான்?

போன வாரம் ஒரு நண்பர், “விசாரணை படம்தான் பார்த்தாச்சே, அப்புறம் எதுக்கு லாக்கப் நாவலைப் படிக்கணும்?” என்று கேட்டார். அந்த நாவலை வைத்துத்தான் வெற்றிமாறன் விசாரணை படத்தை எடுத்தார். ரெண்டு வார்த்தையில் பதில் சொல்கிற விஷயம் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள், முடிவையும் சொல்லப்போகிறேன்.

நான் நகரிக்காரன். 1960ல் எல்லை பிரித்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, தறிச் சத்தத்துக்கு நடுவே ரெண்டும் கலந்த பேச்சு. படம் தியேட்டருக்கு வந்தது 2016 பிப்ரவரி. அதற்குப் பத்து மாசம் முன்னால், 2015 ஏப்ரல் 7ஆம் தேதி, சந்திரகிரிக்குப் பக்கத்தில் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழர்களை ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்றிருந்தது. பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி பக்கத்துக் கூலி ஆட்கள். அந்த நாட்களில் பஸ்ஸில் போனில் பேசும்போதுகூட எந்தப் பாஷையில் பேசலாம் என்று யோசித்துப் பேசியவன் நான். அந்த மனசோடுதான் நானும் நைனாவும், அதாவது என் அப்பாவும், திருத்தணிக்குப் பஸ் ஏறிப் போய்ப் படம் பார்த்தோம்.

நாவலை அதற்கு அப்புறம்தான் படித்தேன். எழுதியவர் மு. சந்திரகுமார், கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டியவர், ஆட்டோ சந்திரன் என்றால் பலருக்குத் தெரியும். 1983ல் குண்டூரில் பிழைக்கப் போன இடத்தில், செய்யாத திருட்டை ஒத்துக்கொள்ளச் சொல்லி அவரையும் கூட இருந்தவர்களையும் போலீஸ் அடைத்து வைத்து அடித்தது. புத்தகம் வந்தது 2006ல். இடையில் 23 வருஷம். அத்தனை வருஷம் உடம்புக்குள் வைத்திருந்து எழுதியிருக்கிறார். ‘சாமானியனின் குறிப்புகள்’ என்றுதான் துணைத் தலைப்பே.

படத்தில் அடி விழுகிறது, நாம் கண்ணை மூடிக்கொள்கிறோம், அடுத்த காட்சி வந்துவிடுகிறது. புத்தகத்தில் அப்படித் தப்பிக்க வழியில்லை. எனக்கு அதில் தாங்க முடியாமல் இருந்தது அடி இல்லை, ரெண்டு அடிக்கு நடுவில் இருக்கிற நேரம். பசி, தூக்கம், அடுத்து யாரைக் கூப்பிடுவார்கள் என்கிற நினைப்பு. ஒத்துக்கொண்டால் இதெல்லாம் முடிந்துவிடும், செய்யாததை எப்படி ஒத்துக்கொள்வது என்று ஒரு மனுஷன் தனக்குள்ளேயே மல்லுக்கட்டுவதை எந்தக் கேமராவும் எடுக்க முடியாது. நான் பக்கத்தைப் புரட்டினால்தான் அவருக்கு அடுத்த நாள் விடியும் என்கிற மாதிரி இருந்தது. நடுவில் மூடி வைக்க மனசு வரவில்லை.

ஆனால் புத்தகத்தால் முடியாத ஒன்றைப் படம் செய்திருக்கிறது. புத்தகம் தமிழில் இருக்கிறது, அதனால் போலீஸ்காரர் பேசுவதும் நமக்குப் புரிந்துவிடுகிறது. படத்தில் தெலுங்கு தெலுங்காகவே வந்து விழுகிறது. பாண்டி, முருகன், அப்சல், குமார் நாலு பேரும் அடிப்பவன் முகத்தைப் பார்த்துத்தான் என்ன கேட்கிறான் என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு ரெண்டும் புரியும். புரிந்துகொண்டு அந்த நாலு முகத்தையும் பார்ப்பது இன்னும் கஷ்டம்.

கோர்ட்டில் ஒரு காட்சி. தமிழ்நாட்டிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் முத்துவேலை, இவர்கள் பேசுவதை மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்கிறார் ஜட்ஜ். அவர் சொல்கிறார், வழக்கு உடைகிறது. நைனா அந்த இடத்தில் என் மணிக்கட்டைப் பிடித்தவர் இடைவேளை வரை விடவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். நான் ஏழாவது படிக்கும்போது, ஒரு ராத்திரி ஸ்டேஷனிலிருந்து மொழிபெயர்த்துச் சொல்ல நைனாவைக் கூப்பிட்டார்கள், எந்த ஊர் ஸ்டேஷன் என்பது வேண்டாம். தமிழ்நாட்டு லாரி கிளீனர் ஒருவனை ஏதோ பேட்டரி திருட்டு என்று பிடித்து வைத்திருந்தார்கள். நானும் கூடப் போனேன். அவனுக்கு இருபது வயசுகூட இருக்காது. பனியனோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், சட்டையைச் சுருட்டி மடியில் வைத்திருந்தான். “நுவ்வேனா தீசிந்தி?” என்று கேட்கிறார்கள், நீதான் எடுத்தியா என்று. அவன் “ஆமாங்க, ஆமாங்க” என்று தலையாட்டுகிறான். ஒரு வார்த்தை புரியவில்லை அவனுக்கு. தலையாட்டினால் அடிக்க மாட்டார்கள் என்று நினைத்திருக்கிறான். நைனாவைப் பார்த்து, “என்னண்ணா சொல்றாங்க?” என்று கேட்டான். நைனா சொன்னதும் அவன் ஆட்டிக்கொண்டிருந்த தலை அப்படியே நின்றுவிட்டது. எடுக்கவே இல்லை என்று அழுதான், நைனா அதைத் தெலுங்கில் ரெண்டு மூணு தடவை சொன்னார். காலையில் போய்ப் பார்த்தால் ஆள் அங்கே இல்லை. என்ன ஆனான் என்று கடைசி வரை தெரியவில்லை.

சரி, படத்தின் ரெண்டாம் பாதிக்கு வருகிறேன். எனக்கு வருத்தமே அங்கேதான். விடுதலையாகி ஊர் திரும்பும் வழியில் குமார் வண்டியிலிருந்து இறங்கிப் போய்விடுகிறான். சந்திரகுமாரின் பேரில் பாதி அது. புத்தகமும் அவனோடு இறங்கிவிடுகிறது. அதற்கு மேல் வருகிற ஆடிட்டர் கே.கே., கட்சிப் பணம், ஸ்டேஷனுக்குள் நடக்கிற பேரம் எல்லாம் வெற்றிமாறன் சேர்த்தது. மீதி மூணு பேர் ஸ்டேஷனைக் கழுவப் போய், கேட்கக் கூடாததைக் கேட்டுச் சாகிறார்கள். திரில்லராகப் பார்த்தால் ரெண்டாம் பாதிதான் மூச்சை இறுக்குகிறது, சமுத்திரக்கனிக்கும் எடிட்டர் கிஷோருக்கும் கிடைத்த தேசிய விருதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. 2012ல் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளையர்கள் என்று ஐந்து வட இந்தியர்களைத் தமிழ்நாடு போலீஸ் சுட்டுக் கொன்றது நினைவுக்கு வராமல் அந்த முடிவைப் பார்க்க முடியாது. குண்டூரில் தமிழன் எந்த இடத்தில் இருந்தானோ, சென்னையில் அந்த இடத்தில் வேறொருவன். அந்தத் துணிச்சலுக்கு வெற்றிமாறனை மதிக்கிறேன்.

ஆனாலும் மனசு ஒப்பவில்லை. சாகிறவர்களின் கதை எங்களுக்கு நிறையத் தெரியும், பேப்பரில் எண்ணிக்கையாக வரும். உள்ளே போய் அடி வாங்கி வெளியே வந்து, அப்புறம் இருபது இருபத்தைந்து வருஷம் வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்தியவன் எப்படி இருந்தான் என்பது யாருக்கும் தெரியாது, அதைச் சொல்ல இந்த ஒரு ஆள் இருந்தார். படம் அவரை வழியில் இறக்கிவிட்டு ஆடிட்டர் பின்னால் போய்விட்டது. எனக்குக் குமாரோடு சேர்ந்து இறங்க வேண்டும் போல இருந்தது. அவன் வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் என்ன சொன்னான், சட்டையைக் கழற்றினானா, அன்றைக்குச் சோறு இறங்கியதா? இதெல்லாம் ஒரு முழுப் படத்துக்கான விஷயம் இல்லையா?

அதனால் நண்பரே, படம் பார்த்திருந்தால் புத்தகத்தை அவசியம் படியுங்கள்.

படம் முடிந்து திருத்தணி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது நைனா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “இதை எழுதினவரையும் சுட்டுட்டாங்களாடா?” என்று கேட்டார். இல்லை நைனா, கோயம்புத்தூரில் இருக்கிறார், இந்தப் படத்தை வெனிஸ் விழாவில் போட்டபோது அங்கேகூடப் போய் வந்தார் என்றேன். நம்பாத மாதிரி பார்த்தார். “நல்லா இருக்காரா? நடக்கிறாரா?” என்று கேட்டார். நகரி பஸ் வந்து உட்கார்ந்த பிறகும் இன்னொரு தடவை கேட்டார்.