மடத்துக் கதவப் பூட்டுறதுக்குப் பேரு சீர்திருத்தமா?

கத்தோலிக்க சீர்திருத்தம்னு, அதாவது 16, 17ம் நூற்றாண்டுல கத்தோலிக்கத் திருச்சபை தன்னைத்தானே திருத்திக்கிட்டதப் பத்தி பேச்செடுத்தாலே, எல்லாரும் இயேசு சபை, அத ஆரம்பிச்ச லொயோலா, 1540னு ஆரம்பிச்சு அங்கயே முடிச்சிடுறாங்க. ஆனா அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே இத்தாலியில ப்ரெஷ்யாங்கிற ஊர்ல ஏஞ்சலா மெரிசினு ஒரு அம்மா 28 பொண்ணுங்கள சேர்த்து புனித ஊர்சுலா பேர்ல சபை ஆரம்பிச்சாங்க, மடம் கிடையாது, தனி அங்கி கிடையாது, அவங்கவங்க வீட்டுலயே இருந்துட்டு கன்னியா வாழணும் அவ்ளோதான். பொண்ணுன்னா ஒண்ணு புருஷன் வீடு இல்லன்னா மடத்துச் சுவருன்னு இருந்த காலம் அது!

அப்புறம் 1563ல ட்ரெண்ட் பொதுச்சங்கம்கிற கத்தோலிக்க ஆயர்களோட பெரிய மாநாடு முடியுறப்ப, கன்னியாஸ்திரிங்க மடத்த விட்டு வெளிய வரக்கூடாதுங்கிற பழைய சட்டத்த தூசி தட்டி எடுத்தாங்க, 1566ல போப் அஞ்சாம் பயஸ் இன்னும் கறாராக்கிட்டார். ஆம்பளைங்க சபைக்கு பள்ளிக்கூடம், கடல் தாண்டுன மிஷன், பொம்பளைங்களுக்குப் பூட்டு.

மேரி வார்டு விஷயந்தான் எனக்கு இன்னும் ஆறல. இங்கிலாந்துக்காரம்மா, 1609ல இப்போ பிரான்சுல இருக்குற செயின்ட் ஓமர்ல சபை ஆரம்பிச்சு பொண்ணுங்களுக்குப் பள்ளிக்கூடம் வச்சாங்க. இயேசு சபை ஒழுங்கையே எங்களுக்கும் குடுங்க, மடத்துக்குள்ளயே அடைபட்டுக் கிடக்குறது வேணாம், நேரா போப்புக்குக் கீழ இருக்கோம்னு கேக்குறதுக்கு ஆல்ப்ஸ் மலையத் தாண்டி நடந்தே ரோமுக்குப் போனாங்க. கிடைச்சது என்ன? பொம்பளை ஜெசுவிட்டுனு (ஜெசுவிட்டுன்னா இயேசு சபைக்காரர்) கிண்டல். 1631ல போப் எட்டாம் உர்பான் சபையவே கலைச்சார், அவங்கள மியூனிக்ல ஒரு மடத்துல அடைச்சு வச்சாங்க, எலுமிச்சம் சாறுல எழுதி ரகசியமா கடிதம் அனுப்பிட்டிருந்தாங்க அந்தம்மா. அவங்கதான் சபைய நிறுவினவங்கன்னு ரோம் ஒத்துக்கிட்டது 1909ல!

இந்தப் பூட்ட நைசா ஏமாத்துன ஆளுன்னா பிரெஞ்சு பாதிரியார் வின்சென்ட் தெ பவுல்தான். இப்போ பிரான்சுல இருக்குற அன்னசியில 1610ல தொடங்குன விசிட்டேஷன்கிற பெண்கள் சபை நோயாளிங்க வீட்டுக்குப் போயிட்டிருந்துச்சு, லியோன் பேராயர் பிடிவாதத்துல 1618ல அதுவும் அடைபட்ட மடமாயிடுச்சு. வின்சென்ட்டுக்கு அந்தச் சபை நல்லாத் தெரியும். அதனால 1633ல லூயிஸ் தெ மரியாக்ங்கிற அம்மாவோட சேர்ந்து பிறரன்புப் புதல்வியர் சபைய ஆரம்பிச்சப்ப ஆரம்பத்துலயே உஷாராயிட்டார். நீங்க கன்னியாஸ்திரியே இல்ல, நோயாளி வீடுதான் மடம், வாடகை ரூம்தான் அறை, பங்குக் கோயில்தான் சிற்றாலயம், தெருதான் உள்முற்றம்னு சொல்லிட்டார். நிரந்தர வார்த்தைப்பாடு, அதாவது கடவுளுக்குக் குடுக்குற வாக்குறுதி, குடுத்தாதானே அந்த அடைப்புச் சட்டம் பாயும்? வருஷா வருஷம் புதுப்பிச்சுக்கிட்டா போச்சு. இன்னிக்கும் மங்கள வார்த்தைத் திருநாளன்னைக்கு (மரியாவுக்கு தேவதூதர் சேதி சொன்னதக் கொண்டாடுற நாள்) அந்த சிஸ்டருங்க ஒரு வருஷத்துக்குத்தான் வார்த்தைப்பாடு குடுக்குறாங்க.