தாளம் சொல்லாத புத்தகத்துக்கு 35 வெள்ளியா?

பேஸ் கிட்டார் கற்றுத்தருகிறேன் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, உள்ளே தாளத்தைப் பற்றி மூச்சே விடாத புத்தகங்களை எந்த மனசோடு அச்சடிக்கிறார்கள்? வயிறு எரிகிறது.

அக்கா மகன் சிங்கப்பூரில் தேசிய சேவை முடித்த கையோடு பேஸ் வாங்கிவிட்டான். "மாமா, நல்ல புத்தகமா ஒண்ணு பாத்துக் குடுங்க" என்றான். கடைக்குப் போனோம். எல்லாப் புத்தகத்துக்கும் பிளாஸ்டிக் உறை. பிரித்துப் பார்க்கலாமா என்றால், வாங்கினால்தான் பிரிக்கலாமாம். ஒரு பாடம்கூடக் கண்ணில் காட்டாமல் 35 வெள்ளி கேட்பது என்ன நியாயம்?

வாங்கிப் பிரித்தால் பக்கம் பக்கமாக டேப்லேச்சர். கம்பிக்கு ஒன்றாக நான்கு கோடு, மேலே எந்தக் கட்டத்தில் அழுத்துவது என்று சொல்லும் ஃபிரெட் எண். 5, 5, 7, 5. அவ்வளவுதான். எந்த ஸ்வரம் எத்தனை எண்ணிக்கை நிற்க வேண்டும், எங்கே கம்பியை அடக்க வேண்டும், ஒன்றும் கிடையாது. ஓய்வுக்குறி ஒன்றைக்கூடக் காணோம். நம் பாட்டு வகுப்பில் சரளி வரிசை தொடங்கும்போதே பிள்ளைக்குக் கையில் ஆதி தாளம் போடக் கற்றுத்தருகிறோம். டிரம்ஸில் காலால் மிதித்து அடிக்கும் கிக்கோடு ஒட்டி நின்று பாட்டையே தாங்குகிற வாத்தியத்துக்கு, காலக்கணக்கு சொல்லாமல் பாடமா? இளையராஜா பாட்டில் பேஸ் எங்கே பேசுகிறது, எங்கே வாயை மூடுகிறது என்று கேட்டு வளர்ந்தவர்களிடம் இதைக் கொடுக்கிறார்களே!

முக்கால்வாசி, ஆறு கம்பி கிட்டார் புத்தகத்தில் இரண்டு கம்பியை வெட்டி எறிந்துவிட்டு எழுதியவை. வழக்கமான பேஸின் ஸ்கேல் நீளம், அதாவது கம்பி அதிரும் நீளம், 34 அங்குலம். முதல் ஃபிரெட் கட்டத்தின் அகலம் மட்டுமே ஏறக்குறைய 48 மில்லிமீட்டர். சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரில் அது சுமார் 36. அங்கே போய் ஃபிரெட்டுக்கு ஒரு விரல் என்று புதுப்பையனை விரிக்கச் சொன்னால் மணிக்கட்டு என்ன ஆகும்? பெரிய வயலின் போலிருக்கும் டபுள் பேஸ் வாசிப்பவர்கள் காலங்காலமாக மோதிர விரலையும் சுண்டுவிரலையும் சேர்த்தே அழுத்துகிறார்கள். அதற்கு ஒரு வரி ஒதுக்க முடியவில்லை, ஆனால் புத்தகத்தின் பாதியிலேயே கட்டைவிரலால் கம்பியை அறைந்து வாசிக்கும் ஸ்லாப் வந்துவிடுகிறது.

புத்தகத்தோடு வரும் ஒலிப்பதிவு வேறு. மிகத் தாழ்ந்த ஒலி தரும் ஈ (E) கம்பி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. கைபேசி ஸ்பீக்கரில் அந்த அடிநாதம் எப்படி வரும்? ஹெட்ஃபோனில் கேள் என்றாவது எழுதக்கூடாதா?

பையனை எஸ்பிளனேட் நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே உறையும் இல்லை, காசும் இல்லை. தரையில் உட்கார்ந்து புரட்டினோம். ஒரு புத்தகத்தில் முதல் பயிற்சியே ஒற்றை ஸ்வரம்தான்: நான்கு எண்ணிக்கை வாசி, நான்கு எண்ணிக்கை சும்மா இரு. டேப்லேச்சருக்கு மேலே முறையான இசைக்குறியீடும் இருந்தது. அதை இரவல் எடுத்திருக்கிறான். முழுக்க வாசித்துப் பார்த்து, தேறினால் மட்டும் காசு கொடு என்று சொல்லிவிட்டேன்.