பிளைவுட்டை முதலில் வளைத்தது ஈம்ஸ் ஜோடி இல்லை
பிளைவுட்டை வளைத்து நாற்காலி செய்வதைத் தொடங்கி வைத்ததே அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதிதான் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அப்படி இல்லை. பின்லாந்தின் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ 1930களின் தொடக்கத்திலேயே பைமியோ காசநோய் மருத்துவமனைக்கு அதைச் செய்துவிட்டார். ஆனால் அது பாய் சுருட்டுவது போல ஒரே திசையில் வளைந்தது. ஈம்ஸ் ஜோடி இரண்டு திசையிலும் வளைக்கப் பார்த்தார்கள். அதில் உள்ள வம்பு பட்டறைக்காரனுக்குத்தான் தெரியும். சேலத்தில் எங்கள் பட்டறையில் ஏற்காடு சில்வர் ஓக் வினீரை, அதாவது மெல்லிய மரத் தகடுகளை, பசை தடவி அச்சில் அழுத்தினோம். முதுகுச் சாய்வு அழகாக வந்தது. ஓரத்தையும் தூக்கியதும் மூலையில் மடிப்பு விழுந்து படக்கென்று வெடித்தது. போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்கு அவர்கள் செய்த கால் சிம்பை, அதாவது அடிபட்ட காலை அசையாமல் கட்டி வைக்கும் பிளைவுட் தாங்கியைப் பாருங்கள்: அதிலுள்ள வெட்டுகள் அழகுக்காக இல்லை, கட்டுத்துணி கோர்க்கவும் மரம் பிளக்காமல் இருக்கவும்தான். அப்புறம் நாற்காலியிலும் வெடிப்பைத் தவிர்க்க இருக்கை வேறு, சாய்வு வேறு என்று பிரித்துவிட்டார்கள். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 'மனைவி ரே நிறம் மட்டும் பார்த்தவர்' என்கிறார். சார், அவர் ஓவியர் ஹான்ஸ் ஹாஃப்மனிடம் ஓவியம் படித்தவர், இதே பிளைவுட்டில் சிற்பமும் செய்தவர். அந்த வளைவுகளில் அவர் கை இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வராது.